தயா மாட்டிய கெப்பாசிட்டர்

சத்தம் போட்டுக்கொண்டே பிறந்து, சத்தத்தையே தொழிலாக்கிக்கொண்ட என் தம்பி தயாவுக்கு,

உன் அக்கா விமலா எழுதுகிறேன். எழுதுகிற இடம் உன் கடைதான். உட்கார்ந்திருப்பது உன் ஸ்டூலில்தான். ஒரு கால் குட்டையான இந்த ஸ்டூலை நீயும் சரிசெய்யவில்லை, நானும் செய்யவில்லை. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அதனால் உன் பட்டப்பெயரை எழுத மாட்டேன், பயப்படாதே.

முதலில் நல்ல சேதி. கடை திறந்திருக்கிறது. போர்டு அதே இடத்தில், 'தயா கார் ஆடியோ' என்றே இருக்கிறது. மாகறலில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட நம் அம்மா, வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்து அந்தப் போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறாள். பெரிய காஞ்சிபுரத்தில் தன் மகன் பேர் இத்தனை பெரிய எழுத்தில் இருப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. எனக்கும்தான்.

நீ போன பிறகு எத்தனை பேர் வந்து அறிவுரை சொன்னார்கள் தெரியுமா? "ரெண்டு பொம்பளைங்க கார் கடைய வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போறீங்க, யார்கிட்டயாவது உட்டுட்டு நிம்மதியா இருங்க." அப்படிச் சொன்னவர்களில் சிலருடைய வண்டிக்கு இப்போது நாங்கள்தான் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறோம். யாரென்று எழுதினால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

பட்டுக்கடை வேலையை விட்டுவிட்டேன். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டியது போதும். சாயங்காலங்களில் இங்கே வந்து உனக்கு ஒயர் முனை சீவிக் கொடுத்தேனே, அதுதான் இன்று சோறு போடுகிறது. ரேவதியும் வந்துவிட்டாள். ஆமாம், உன் பொண்டாட்டிதான். கேரியரில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தச் சத்தத்துல மனுசன் இருப்பானா" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாளே, அவளேதான். இப்போது கதவு பேனலை அவள் கழற்றினால் ஒரு கிளிப்கூட உடைவதில்லை. நீ கழற்றிய காலத்தில் எத்தனை கிளிப் உடைந்தது என்று நான் இங்கே எழுத வேண்டாம், இல்லையா?

ஒரே ஒரு வேலையை மட்டும் அவள் தொடாமலே இருந்தாள். கெப்பாசிட்டருக்கு முதன்முதலாக சார்ஜ் ஏற்றுகிற வேலை. அதுவரைக்கும் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "அண்ணி, இத நீங்க பாத்துக்கோங்க" என்று கடையின் பின்பக்கம் போய்விடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். இதைப் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு சேதிக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்.

காரில் பாட்டைச் சத்தமாக வைத்தால், ஒவ்வொரு அடி விழும்போதும் ஹெட்லைட் கண் சிமிட்டும். ரோட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது ஏன், கெப்பாசிட்டர் எதற்கு என்று கேட்டு வருகிற கஸ்டமருக்கெல்லாம் நீ ஒரு கதை சொல்வாயே, அதையே இங்கே வைக்கிறேன். உன் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது.

"அண்ணே, கல்யாணத்துல பந்தி நடக்குது. சமையக்கட்டு பின்னால இருக்குது. பரிமாறுறவன் ஒவ்வொரு கரண்டிக்கும் பின்னால ஓடிக்கினு இருந்தா இன்னா ஆவும்? எலையில சோறு காஞ்சிடும். அதான் சாம்பார் வாளிய பந்தி பக்கத்துலயே வெச்சிக்கிறோம். உங்க பேட்டரி முன்னால இருக்குது, பாட்டுக்கு சத்தம் ஏத்துற ஆம்ப் டிக்கில இருக்குது. ஊஃபர் தும்முனு அடிக்கிறப்போ ஒரே மூச்சுல கரண்டு கேக்கும். அவ்ளோ தூரத்துலருந்து வர்றதுக்குள்ள லைட்டு மங்கிடும். கெப்பாசிட்டர் ஆம்ப் பக்கத்துலயே வாளியோட நிக்கும். டக்குனு ஊத்தும், அடுத்த அடிக்குள்ள தன்ன ரொப்பிக்கும். அவ்ளோதான்."

கேட்டவர் அசந்துபோய், "அப்ப எனக்கு ரெண்டு மாட்டு" என்பார். நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அடுப்புலயே சாம்பார் கம்மிண்ணே, வாளிய பெருசா வெச்சி இன்னா பண்றது? மொதல்ல பேட்டரிக்கு கரண்டு குடுக்குற ஆல்டர்னேட்டர பாருங்க" என்று திருப்பி அனுப்புவாய். வந்த வியாபாரத்தை இப்படித் துரத்துகிறானே என்று அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று அவர்கள்தான் உன் பேரைச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள்.

சரி, சார்ஜ் ஏற்றுகிற கதை. காலியான கெப்பாசிட்டரை நேராக பேட்டரியோடு சேர்த்தால் ஒரே இழுப்பாக இழுக்கும். பொறி பறக்கும், ஃபியூஸ் போகும். அதனால் நடுவில் ஒரு இண்டிகேட்டர் பல்பைப் பிடித்து மெல்ல ஏற்றுவாய். பல்பு முதலில் பளிச்சென்று எரியும். கெப்பாசிட்டர் நிறைய நிறைய மங்கும். முழுக்க நிறைந்ததும் பல்பு அணைந்துவிடும்.

அந்தப் பல்புதான் வினையாக வந்தது. பாபு அண்ணன் புது வண்டி எடுத்த அன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சொந்தமாகத் தறி வைத்திருக்கிற பாபு அண்ணன். காமாட்சியம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பானெட்டில் குங்குமம் காய்வதற்குள் வண்டி நேராக நம் கடைக்கு வந்தது. கூடவே அவர் மனைவி மங்கை அக்கா. அவர்கள் வீட்டில் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுகிற அன்று விளக்கு வைப்பார்கள். வேலை முடிகிறவரைக்கும் அது அணையாமல் எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பது மங்கை அக்காவின் பொறுப்பு. அவ்வளவு உஷாரானவர்.

நீ டிக்கிக்குள் தலையை விட்டிருந்தாய். ரேவதி சாப்பாடு கொண்டுவந்தாள். "கேரியர வெச்சிட்டு இத கொஞ்சம் புடி ரேவதி" என்று பல்பை அவள் கையில் கொடுத்தாய். ஒயர்களைச் சேர்த்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. ரேவதி முகம் மலர்ந்தது. பிறகு பல்பு மங்கி மங்கி அணைந்தது.

"அய்யய்யோ, பூஜ போட்ட வண்டில வெளக்கு அணைஞ்சிடுச்சே!" என்று மங்கை அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நீ சிரித்துக்கொண்டே வாளிக் கதையை ஆரம்பித்தாய். திருமுக்கூடல் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் பாபு அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். கதை பாதியில் நின்றது.

அந்த வருஷமே நீயும் போய்விட்டாய். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போன ஆள் திரும்பி வரவில்லை. பல்புக்கும் உன் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மண்ணும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தப் பல்பைப் பிடித்திருந்தது என் கை இல்லையே, தயா.

இப்போது சேதி. போன மாசம் ஒரு நாள் மத்தியானம் சாய்ந்த நேரத்தில் பாபு அண்ணன் வண்டி வந்து நின்றது. ஹாரனை அமுக்கிய அமுக்கிலேயே கோபம் தெரிந்தது. ரேவதி ஒரு ஆட்டோவில் ஸ்பீக்கர் திருகிக்கொண்டிருந்தாள். பக்கத்து டீக்கடையில் வழக்கமான கூட்டம்.

"இன்னா விமலா, உன் தம்பி மாட்ன டப்பா வேஸ்டா பூட்ச்சே! பாட்டு போட்டா ஹெட்லைட்டு டப்பு டப்புனு மங்குது. அதுல வோல்ட் காட்டுற நம்பர்கூட எரியல, செத்துப் போச்சு. வெளியூர் கடையில காட்டுனா, கெப்பாசிட்டரே ஏமாத்து வேல, சும்மா ஷோவுக்கு மாட்றதுன்றான். தயா இப்படிப் பண்ணுவான்னு நான் நெனைக்கலம்மா."

நாலு பேர் நடுவில் இதைச் சொல்கிறார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அண்ணே, எறந்தவன் மேல பழி போடறதுக்கு முன்னால டிக்கியத் தொறங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். என் குரல் டீக்கடை வரைக்கும் போயிருக்கும். டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் முன் சீட்டிலிருந்து மங்கை அக்கா இறங்கினார். அவர் கோபமாகப் பேசவில்லை. கண்கூட கலங்கியிருந்தது. "அவன ஏன் திட்டுறீங்க, பாவம். நான் அன்னிக்கே சொன்னேன். பூஜ போட்ட வண்டில வெளக்கு அணைஞ்சிது. மாட்னவனும் போய்ட்டான். வண்டியும் இப்படி ஆவுது" என்றார்.

ஆட்டோவுக்குள் திருப்புளி விழுகிற சத்தம் கேட்டது. ரேவதி எழுந்து, யாரையும் பார்க்காமல், பின்பக்கம் போய்விட்டாள்.

உன் பேருக்கு வந்ததை நான் வாதாடியாவது தீர்த்துவிடுவேன். எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் 'நான் பிடித்த விளக்கு அணைந்ததால்தான் என் புருஷன் போனான்' என்று ஒருத்தி மனசுக்குள் உட்கார்ந்திருப்பதை எதைக் கொண்டு கழற்றுவது? அதற்கு எந்த ஸ்பேனர் இருக்கிறது, சொல்லு? எனக்கு அந்த நிமிஷம் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு டிக்கிக்குள் தலையை விட்டேன்.

கார்ப்பெட்டைத் தூக்கிப் பலகையைக் கழற்றினேன். தயா, உன் வேலையைப் பார்த்தேன். எர்த் கொடுக்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, போல்ட் முடுக்கி, மேலே வார்னிஷ் தடவி வைத்திருந்தாய். ஒரு பொட்டுத் துரு இல்லை. ஒவ்வொரு ஒயர் முனையும் நெருக்கிப் பிடித்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு. தங்கமாக இருந்தது. இத்தனைக்கும் அது யார் கண்ணிலும் படாத இடம். பலகைக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து இவ்வளவு செய்தாய்?

அதற்குப் பக்கத்தில் இருந்தது இன்னொரு கை வேலை. கெப்பாசிட்டருக்குப் போகிற ஒயரைக் கழற்றி, வெறுமனே முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, நேராக ஆம்புக்குக் கொடுத்திருந்தது. கெப்பாசிட்டர் தன் இடத்தில் பளபளவென்று சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு ஒயர்கூட அதில் இல்லை. நீ டேப் சுற்றி வேலையை முடித்திருந்தால் நான் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்.

"அண்ணே, நடுவுல பேட்டரி மாத்துனீங்களா?"

பாபு அண்ணன் யோசித்தார். "ஆமா, மழையில பாதி வழியில நின்னுடுச்சி. யாரோ ஒரு மெக்கானிக் வந்து மாத்துனான். மாட்றப்போ படார்னு பொறி பறந்துச்சி. பயந்துபோயி பின்னால எதையோ நோண்டிட்டு, இப்ப மாட்டலாம்னான். ஏன்?"

"பேட்டரி கழட்டுன நேரத்துல கெப்பாசிட்டர் காலியாயிடுச்சி. பல்பு வெச்சி ஏத்தாம ஒரேடியா குடுத்தா பொறி பறக்காம இன்னா பண்ணும்? அவரு பயந்து சாம்பார் வாளியத் தூக்கி ஓரமா வெச்சிட்டு, பரிமாறுறவன சமையக்கட்டுக்கு ஓட உட்டுட்டாரு. நீங்களும் இத்தினி நாளு அப்படியே ஓட்டிக்கினு இருக்குறீங்க."

டீக்கடையில் சிரிப்பு. பாபு அண்ணன் டிக்கிக்குள் குனிந்து, அந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தார். "அடப்பாவி, இதப் போயி நான் தயா தலையில கட்டிட்டேனே" என்றார். உன் பேர் மேல் இருந்த அழுக்கு போயிற்று. அதோடு பாதி வேலைதான் முடிந்தது.

டேப்பைப் பிய்த்து, ஒயர்களைப் பழையபடி கெப்பாசிட்டரோடு சேர்க்கத் தயாராக்கிவிட்டு, "ரேவதி, இங்க வா" என்று கூப்பிட்டேன்.

"நா வர்ல அண்ணி."

"வான்னா வா. உன்கூட சண்ட போடவா கூப்புடறேன்?"

வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. பல்பை நான்தான் பிடித்தேன். ஒயர்களைச் சேர்த்தேன். பளிச்சென்று எரிந்தது. அப்புறம் மங்கிக்கொண்டே போனது. "பாரு, அணையுது" என்று மங்கை அக்கா மெல்லச் சொன்னார். ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்பு அணைந்தது.

பழைய கெப்பாசிட்டரைக் கழற்றி அலமாரியில் வைப்பதற்கு முன்னால் நீ ஒரு காரியம் செய்வாய். அதே பல்பை அதன் இரண்டு முனையிலும் வைத்துக் காலி பண்ணிவிட்டுத்தான் வைப்பாய், தெரியாமல் எதுவும் பட்டுப் பொறி பறக்கக்கூடாது என்று. நான் சாயங்காலங்களில் பார்த்துப் பார்த்துப் பழகினது. ரேவதி அந்த நேரத்தில் கடைக்கு வந்ததே இல்லை. இங்கே வேலைக்கு வந்த பிறகும் கெப்பாசிட்டர் என்றாலே பின்பக்கம் ஓடிவிடுவாளே, எங்கிருந்து பார்த்திருப்பாள்?

பேட்டரியிலிருந்து வருகிற ஒயரைக் கழற்றி மங்கை அக்கா கையில் கொடுத்தேன். "ஃபியூஸும் எடுத்துட்டேன். நல்லா பாத்துக்கோங்க அக்கா, இப்ப பேட்டரிக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல." பிறகு பல்பை ரேவதி கையில் வைத்தேன். "இந்த ஒயரு இங்க, அந்த ஒயரு அங்க. வெய்யி" என்றேன்.

"வேணாம் அண்ணி."

"ஒரு தபா வெய்யி. எனக்காவ."

வைத்தாள். பல்பு எரிந்தது.

தயா, நீ அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேட்டரி இல்லை, ஒன்றும் இல்லை, அவள் கைக்குள் அது பாட்டுக்கு எரிகிறது. "இது எங்கேருந்து வருது அண்ணி?" என்றாள்.

"அன்னிக்கி நீ புடிச்சது கெட்டுப்போவலடி. எல்லாம் உள்ள போயி சேந்துச்சி. ரொம்பிட்டா பல்புக்கு அங்க வேல இல்ல, அதான் அணைஞ்சிது. நீ ஒண்ணும் பண்ணல. புரியுதா? நீ ஒண்ணுமே பண்ணல."

அவள் அழுத அழுகையை நீ போன அன்றுகூட நான் பார்க்கவில்லை. டிக்கி ஓரத்தில் உட்கார்ந்து, பல்பை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். மங்கை அக்கா ஒயரைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். "தெரியாம சொல்லிட்டேம்மா. என் வாய்ல இன்னா வந்துச்சோ. மன்னிச்சிக்கோ கண்ணு." பாபு அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் டீ சொன்னார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து மங்கை அக்காவே, "இன்னொரு வாட்டி காட்டும்மா, நானும் புடிக்கிறேன்" என்றார். காலியானதை மறுபடி ஏற்ற வேண்டுமே. நான் எழுவதற்குள் ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபியூஸைப் போட்டு, பேட்டரி ஒயரைக் கையில் எடுத்துவிட்டாள். "நீங்க உக்காருங்க அண்ணி, நான் ஏத்துறேன்." அவளே ஏற்றினாள். பல்பு மங்கி அணைகிறவரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "ரொம்பிடுச்சிக்கா, இப்ப புடிங்க" என்று பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பல்பை மங்கை அக்கா கையில் கொடுத்தாள். பட்டு நூல் பிடிக்கிற விரல் அவருடையது. அந்த விரலுக்கு நடுவில் பல்பு எரிந்ததும், "அடி ஆத்தி!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

கடைசியாக ஏற்றி முடித்து, எல்லாவற்றையும் உன் மாதிரியே ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு முடிக்கும்போது வெளிச்சம் குறைந்திருந்தது. கெப்பாசிட்டரில் நம்பர் எரிந்தது. வண்டியை எதிர்க்கடை ஷட்டரைப் பார்த்து நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, பாட்டைத் தூக்கி வைத்தோம். ஷட்டர் அதிர்ந்தது. டீக்கடை கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. வெளிச்சம் மட்டும் ஆடாமல் நின்றது. பாபு அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "தயா வேல தயா வேலதான்யா" என்று டீக்கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அன்று இருந்த திமிரை நீ பார்த்திருந்தால் ஒரு மாசம் கிண்டலடித்திருப்பாய். அடித்துக்கொள். என் தம்பி வேலை, எனக்குத் திமிர் இருக்காதா?

இப்போது கெப்பாசிட்டர் ஏற்றுகிற வேலை முழுக்க ரேவதிக்குத்தான். என்னைத் தொடவே விடுவதில்லை. யார் புது வண்டி கொண்டுவந்தாலும் வீட்டுப் பெண்களை டிக்கி பக்கம் கூப்பிடுகிறாள். முதலில் ஏற்றிக் காட்டுகிறாள். பிறகு பல்பை அவர்கள் கையில் கொடுத்து எரியவிட்டுக் காட்டுகிறாள். அப்புறம்தான் மறுபடி ஏற்றி ஒயரை முடுக்குகிறாள். "டைம் ஆவுதுமா" என்று டிரைவர்கள் முணுமுணுக்கிறார்கள். "கொஞ்சம் பொறுப்பா" என்று அவள் போடுகிற போட்டில் அடங்கிவிடுகிறார்கள். நீ பாதியில் விட்ட கதையை முடிக்காமல் அவள் ஒரு வண்டியையும் அனுப்புவதில்லை.

உனக்கு நான் ஒன்று சத்தியம் செய்கிறேன். இந்தக் கடையிலிருந்து டேப் சுற்றிய வேலை வெளியே போகாது. தேவையில்லாத வண்டிக்கு நாங்கள் கெப்பாசிட்டர் மாட்டமாட்டோம், கஸ்டமர் கெஞ்சினாலும் சரி. யாரும் பார்க்காத பலகைக்குக் கீழேயும் உன் மாதிரியே செய்வோம். என் கை ஓய்கிறவரைக்கும் அந்தப் போர்டு இறங்காது, அதில் பேரும் மாறாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒரு வண்டி போனது. உள்ளே பாட்டு அப்படி அடிக்கிறது, நம் ஸ்டூல்கூட ஆடியது. ஹெட்லைட் கண் சிமிட்டவில்லை. ரேவதி கையிலிருந்த திருப்புளி வேலையை விட்டுத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அவரு மாட்னது அண்ணி" என்றாள்.

உன் பேரைச் சத்தமாக வைத்திருக்கிற,
உன் அக்கா
விமலா